ஆசாரியின் அளவுகோல்

என் பெரியப்பாவின் தோட்டத்தில் ஒரு டிராக்டர் உண்டு. உண்டு என்றால், 40 வருஷமாகக் கொட்டகையில் நின்றது. கோழிகள் அதில் முட்டையிட்டன. பெரியப்பாவும் அதைப் போலத்தான். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

அது லான்ஸ் புல்டாக். ஜெர்மனியில் மான்ஹைம் நகரில் 1921-இல் பிறந்த வம்சம். 1956-இல் அந்தக் கம்பெனியை ஜான் டீர் வாங்கிக்கொண்டது. சில வருஷங்களில் புல்டாக் செய்வதும் நின்றது. உதிரி பாகத்துக்கு எங்கே போவது?

அதற்கு ஒரே ஒரு சிலிண்டர். ஆனால் பத்து லிட்டர் கொள்ளும். ஸ்பார்க் பிளக் கிடையாது. முன்னால் துருத்தி நிற்கும் இரும்புத் தலையை ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்சிவிட்டு, ஸ்டியரிங்கைத் தண்டோடு உருவி, பக்கத்துச் சக்கரத்தில் செருகிச் சுழற்ற வேண்டும். அந்தத் தலைதான் வெடித்துப் போயிருந்தது.

2014-இல் அதைக் கோணியில் சுற்றிக்கொண்டு கோயமுத்தூரில் ஒரு பவுண்டரிக்குப் போனோம்.

"இதையே மண்ணில் பதித்து, அப்படியே ஒன்று வார்த்துக் கொடுங்கள்" என்றேன் நான், விஷயம் தெரிந்தவன் போல.

அச்சு செய்யும் ஆசாரி சிரித்தார். "அப்புடியே வார்த்தா அப்புடியே வராதுங்க. இரும்பு ஆறுறப்ப அடிக்கு அரைக்கால் அங்குலம் சுருங்கிப் போயிருமுங்க. போல்ட்டு ஓட்டை சேராது. தேஞ்ச எடமும் தேஞ்சபடியேதான் வருமுங்க."

தம்முடைய அளவுகோலைக் காட்டினார். அதில் ஓர் அடி, நம் அடியைவிடச் சற்று நீளம்! அதைக் கொண்டுதான் மர அச்சைச் செதுக்கினார். கடைசலில் சீவப்போகும் முகங்களுக்கு மேலும் கொஞ்சம் கனம் வைத்தார். தேய்ந்த விளிம்பை அவர் நம்பவில்லை. அதிகம் தேயாத ஒரு மூலையைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து பழைய கனத்தைக் கணக்கிட்டார். முதல் வார்ப்பில் காற்றுக் குமிழி விழுந்தது, உடைத்துப் போட்டார். இரண்டாவது தேறியது.

டிராக்டர் கிளம்பிய அன்று ஊரே அதிர்ந்தது. 80 வயதுப் பெரியப்பா, என் கையிலிருந்த ஸ்டியரிங்கைப் பிடுங்கி மாட்டி, ஏறி உட்கார்ந்து, "டேய், விலகுடா!" என்று கூவிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

இத்தனை வருஷமாக நான் அறிந்திருந்தது தேய்ந்த விளிம்பைத்தான். என்றாவது அவரைப் பற்றி எழுதினால், ஆசாரியிடம் போய் அந்த அளவுகோலை இரவல் வாங்கிக்கொண்டு வர வேண்டும்.