ஓர் எழுத்தில் போன படங்கள்

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். கடைசிவரை படியுங்கள், முடிவில் உங்களிடம் ஓர் உதவி கேட்கப் போகிறேன்.

2018-ல் நான் ஓய்வு பெற்றபோது வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பள்ளிப் படங்கள் இருந்தன. 1983-ல் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சேர்த்தவை. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தேன். பிறகு, "கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே" என்று, பார்க்க வந்த பிள்ளைகளுக்கு அசல் படங்களையே கொடுத்துவிட்டேன்.

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் மாணவன் ஒருவன் என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். கறுப்புத் திரையில் கட்டளை தட்டவும் சொல்லிக் கொடுத்தான். பாடம் எடுத்தவளுக்கே பாடம்! 800-க்கும் மேற்பட்ட படங்களை 'டார்' என்ற கட்டளையால் ஒரே மூட்டையாகக் கட்டிப் பென்டிரைவில் வைத்தோம். மூட்டை கட்ட 'சி', அவிழ்க்க 'எக்ஸ்', உள்ளே இருப்பதைப் பார்க்க 'டி'. நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

போன தை மாதம் ஒரு மாணவி போன் செய்தாள். "டீச்சர், 1994 ஆண்டுவிழாவுல எங்கப்பா மேடையில பரிசு கொடுத்த படம் இருக்கா? அவர் சிரிச்ச மாதிரி ஒரு படம்கூட வீட்ல இல்ல. அடுத்த வாரம் வருஷத் திதி" என்றாள். "இருக்கும்மா, இப்பவே அனுப்புறேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கீபோர்டில் எக்ஸும் சியும் அடுத்தடுத்த வீடு. அவிழ்ப்பதற்குப் பதிலாகக் கட்டிவிட்டேன். லேப்டாப்பில் அதே பெயருள்ள ஃபோல்டரில் 12 புதுப் படங்கள் இருந்தன. கட்டளை அந்தப் பன்னிரண்டை மட்டும் வைத்துப் புது மூட்டை கட்டி, பழைய மூட்டையின் மேலேயே எழுதிவிட்டது. "இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'டி' போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாணவனைக் கூப்பிட்டு, "எனக்கு வயசாயிடுச்சுடா" என்றேன். "இல்ல டீச்சர், இது எங்களுக்கும் நடக்கும்" என்றான். பிறகு அதன் கதையைச் சொன்னான். 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில், கட்டளை தட்டியது டெலிடைப் என்ற இயந்திரத்தில். அது விநாடிக்கு 10 எழுத்துதான் அச்சடிக்கும். அதனால் எல்லாவற்றையும் ஓரிரு எழுத்தாகச் சுருக்கினார்கள். அன்றைக்கு அது சிக்கனம். இயந்திரம் போய்விட்டது, சுருக்கெழுத்து நின்றுவிட்டது.

அதிலும் ஒரே எழுத்துக்கு வீட்டுக்கு வீடு வேறு அர்த்தம். 'எல்எஸ்' கட்டளையில் சின்ன 'ஆர்' போட்டால் பட்டியல் தலைகீழாகும், பெரிய 'ஆர்' போட்டால் உள் ஃபோல்டர்களுக்குள்ளும் போகும். 'சிபி' கட்டளையில் சின்ன 'ஆர்' போட்டாலே உள்ளே போகும். குழந்தை எப்படி நினைவில் வைக்கும்?

பழைய ஞாபகம் ஒன்று வந்தது. ஒரு காலாண்டுத் தேர்வில் நான் எழுதிய கேள்வியை வகுப்பில் பாதிப்பேர் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். திட்டிக்கொண்டே திருத்தினேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை வினாத்தாளை வாங்கிப் பார்த்து, "ஒரு பிள்ளை தப்பா எழுதினா பிள்ளையைப் பாருங்க. பாதி வகுப்பு தப்பா எழுதினா கேள்வியைப் பாருங்க" என்றார். ஆசிரியர் பயிற்சியில்கூட யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த மாதம் அந்த மாணவன், தானே எழுதும் ஒரு கருவியோடு வந்தான். கோப்புகளைப் பிரதி எடுக்கும் கருவி. "நீங்க ஓட்டிப் பாருங்க டீச்சர், நான் வாயே திறக்க மாட்டேன்" என்றான். 'ஹெல்ப்' என்று தட்டினேன். நாற்பது வரி வந்தது, அகர வரிசையில். அகராதிக்கு அது சரி, முதல் நாள் வகுப்புக்குச் சரியா? சின்ன 'டி' என்றால் தேதி, பெரிய 'டி' என்றால் அழிப்பது! நான் சிவப்பு மையை எடுத்தேன்.

அன்றாடம் வேண்டிய மூன்று உதாரணங்களை முதலில் காட்டு. விருப்பங்களுக்கு முழுச் சொல்லில் பெயர் வை, பழகியவர்களுக்குச் சுருக்கம் தனியாக இருக்கட்டும். அழிக்கும் வேலைக்கு ஒற்றை எழுத்து கொடுக்காதே. செய்வதற்கு முன் 'இன்னின்ன செய்யப் போகிறேன்' என்று ஒத்திகை காட்டு. தப்பாகத் தட்டினால் 'தவறு' என்று மட்டும் சொல்லாமல், எதைத் தட்ட வேண்டும் என்றும் சொல்.

"இதுல நிறைய ஏற்கெனவே இருக்கு டீச்சர்" என்றான். 'கிட்' கருவியில் எழுத்துப்பிழையாகத் தட்டினால் நெருங்கிய சொல்லை அதுவே எடுத்துச் சொல்லுமாம். 'ஆர்சிங்க்' கருவியில் 'டிரை ரன்' என்று ஒத்திகை உண்டாம். நான் ஓட்டும் டாரிலேயே 'சி'க்குப் பதில் 'க்ரியேட்', 'எக்ஸ்'க்குப் பதில் 'எக்ஸ்ட்ராக்ட்' என்று முழுதாகத் தட்டலாமாம். "அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமேடா" என்றேன். தலையைச் சொறிந்தான். எங்களுக்குப் பழகிவிட்டது, கண்ணில் படவில்லை என்றான். முப்பத்தைந்து வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற எனக்கு அது புரிந்தது. தெரிந்தவனுக்குத் தெரியாதவனின் சிரமம் மறந்துபோகும். பள்ளியில் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். என்னிடம் அடி வாங்கிய பிள்ளைகள் மன்னியுங்கள்.

இப்போது உதவி. மாணவனிடம் இருந்த பழைய பிரதியில் 1990 வரைக்குமான படங்கள் கிடைத்துவிட்டன. அதற்குப் பிந்தையவை இல்லை. என்னிடம் அசல் படம் வாங்கிப் போனவர்கள் தயவுசெய்து தேடிப் பாருங்கள். முக்கியமாக 1994 ஆண்டுவிழா, மேடையில் பரிசு கொடுக்கும் படம். திதி முடிந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெண் இன்னும் காத்திருக்கிறாள்.

இந்த முறை மூன்று இடத்தில் பிரதி வைப்பேன். முழுச் சொல்லாகவே தட்டுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்