அடுப்பு ஒரு பக்கம், நீச்சல் குளம் மறுபக்கம்... சிட்னி வீடுகளின் கொல்லைப்புறத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை!

சிட்னியில் இறங்கும் விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் கீழே பார்க்கத் தவறாதீர்கள். ஓட்டு வீடுகள், மரங்கள், அவற்றுக்கு நடுவே நீல நிறத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். எல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நீச்சல் குளங்கள். 'இந்த ஊரில் இத்தனை கோடீஸ்வரர்களா!' என்று மலைக்க வேண்டாம். நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளிலும் அங்கே குளம் உண்டு.

மகனோ மகளோ ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்க, பேரக்குழந்தையைக் கவனித்துக்கொள்ள சில மாதங்கள் சிட்னிக்குப் போய் இருந்துவிட்டு வரும் தாத்தா பாட்டிகள் நம் ஊரில் ஏராளம். ஓபரா ஹவுஸ், ஹார்பர் பாலம் எல்லாம் முதல் வாரத்திலேயே பார்த்து முடிந்துவிடும். அதன் பிறகு பொழுது போவது வீட்டின் பின்பக்கத்தில்தான். அந்த ஊரைப் புரிந்துகொள்ளவும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

கால் ஏக்கர் கனவு

'பேக்யார்டு' என்பது நம் கொல்லைப்புறம், புழக்கடை. நம் பழைய வீடுகளில் அங்கே கிணறு, துவைக்கிற கல், வெந்நீர் அடுப்பு, ஒரு முருங்கை மரம் இருக்கும். ஆஸ்திரேலியாவில் புல்தரை, துணி காயப்போடும் சுழல் கம்பி, ஓர் எலுமிச்சை மரம், கேஸ் அடுப்பு. வசதி இருந்தால் குளம்.

சொந்த வீடும் கால் ஏக்கர் மனையும் பல தலைமுறைகளாக அந்த நாட்டு நடுத்தர மக்களின் கனவு. நம் கணக்கில் 25 சென்ட், ஏறத்தாழ நாலரை கிரவுண்டு. இன்று சிட்னியின் புதிய குடியிருப்புகளில் மனைகள் ரொம்பவே சுருங்கிவிட்டன. இரண்டு கிரவுண்டு கிடைத்தாலே பெரிய விஷயம். இருந்தாலும் பின்னால் ஓர் அடுப்பு வைக்க இடம் ஒதுக்காத வீடு அபூர்வம்.

நகரின் மேற்குப் பகுதியில் இருக்கும் வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி பக்கம் போனால் தமிழ்க் குரல்கள் சகஜமாகக் காதில் விழும். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள், பின்னாளில் ஐ.டி வேலைக்காகச் சென்னை, கோவையிலிருந்து போனவர்கள் என இரண்டு தரப்பும் இங்கே உண்டு. மேஸ் ஹில்லில் முருகன் கோயில் இருக்கிறது. காலையில் கோயில், மதியம் பார்பிக்யூ என்று ஞாயிற்றுக்கிழமை கழியும் வீடுகள் பல.

தட்டோடு வாங்க!

பார்பிக்யூவை அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக 'பார்பி' என்கிறார்கள். சாசேஜுக்கு 'ஸ்னாக்', ஐஸ் பெட்டிக்கு 'எஸ்கி'. 1984-ல் நடிகர் பால் ஹோகன், அமெரிக்கர்களை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்து நடித்த சுற்றுலா விளம்பரத்தில், உங்களுக்காக பார்பியில் இறால் போடுகிறேன் என்ற பொருளில் பேசிய வசனம் உலகப் புகழ் பெற்றது. அதில் அவர் சொன்ன 'ஷ்ரிம்ப்' என்ற சொல்லை ஆஸ்திரேலியர்கள் பேச்சில் பயன்படுத்துவதில்லை; அவர்களுக்கு அது 'பிரான்'. தினசரி பார்பியில் இறாலைவிட சாசேஜுக்கும் ஆட்டிறைச்சிக்கும்தான் முதலிடம்.

வீட்டு அடுப்பு பெரும்பாலும் கேஸில் எரிவது. 9 கிலோ சிலிண்டர், மேலே ஒரு பாதி கம்பி வலை, மறுபாதி நம் பரோட்டாக் கடை தோசைக்கல் போன்ற தட்டையான இரும்புக் கல். வெங்காயம் வதங்குவதும் முட்டை பொரிவதும் அந்தக் கல்லில்தான். நம்மவர்கள் அதே கல்லில் மசாலா தடவிய வஞ்சிரமும், பன்னீரும், கத்திரிக்காயும், சில நேரம் தோசையும் போட்டுவிடுகிறார்கள். சைவக்காரர்கள் வருவதாக முன்கூட்டியே தெரிந்தால் கல்லின் ஒரு பக்கத்தைத் துடைத்து, அலுமினியத் தாள் விரித்து, தனி இடுக்கி வைத்துக் கொடுப்பது அங்கே பழகிப்போன மரியாதை. சாசேஜ் மாட்டிறைச்சியா, பன்றியா, கோழியா என்று கேட்பதையும் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அழைப்பில் 'பிரிங் எ பிளேட்' என்று இருந்தால் கவனம். புதிதாகக் குடியேறிய பலர் வெறும் தட்டோடு போய் நின்ற கதை அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரிக்கப்படுகிறது. 'உங்கள் பங்குக்கு ஒரு பதார்த்தம் செய்து எடுத்து வாருங்கள்' என்பதுதான் அதன் அர்த்தம். ஒரு டப்பா எலுமிச்சை சாதமோ வடையோ போதும்; முதலில் காலியாவது அதுவாகத்தான் இருக்கும்.

சமையலில் இரண்டு விஷயம் முக்கியம். பச்சை இறைச்சி வைத்த தட்டில் வெந்ததை வைக்கக் கூடாது. கோழியும் சாசேஜும் உள்ளே 75 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும்வரை வேக வேண்டும். வெளியே கறுத்திருப்பதால் உள்ளே வெந்துவிட்டதாக அர்த்தமில்லை. வெயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் கிடந்த சாலட்டையும் இறைச்சியையும் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை மேலே இருந்து வரும். கூக்கபரா என்ற பறவை மரக்கிளையில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். கவனம் சிதறினால் கையில் இருக்கும் சாசேஜ் போயே போய்விடும்!

அடுப்பு பற்றவைக்கக் கூடாத நாள்

டிசம்பர், ஜனவரி அங்கே உச்சக் கோடை. 2020 ஜனவரி 4 அன்று சிட்னியின் மேற்கில் உள்ள பென்ரித்தில் 48.9 டிகிரி வெயில் பதிவானது. காட்டுத் தீ மாநிலத்தையே சூறையாடிய கோடை அது. அதனால் காற்றும் வெயிலும் ஆபத்தாக இருக்கும் நாள்களில் 'டோட்டல் ஃபயர் பேன்' அறிவிக்கிறார்கள். அன்று விறகு, கரி அடுப்புகளுக்கு முழுத் தடை.

கேஸ் அல்லது மின் அடுப்புக்கு நிபந்தனையோடு அனுமதி உண்டு. வீட்டிலிருந்து 20 மீட்டருக்குள் அடுப்பு இருக்க வேண்டும், சுற்றிலும் 2 மீட்டருக்குத் தீப்பிடிக்கும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது, பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், தண்ணீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தைல மர இலைகளில் எண்ணெய் அதிகம்; ஒரு பொறி போதும்.

அந்தப் பகுதிகளில் சில வீட்டு வாசல்களில் 'எஸ்.டபிள்யூ.எஸ்' என்று எழுதிய சின்னப் பலகையைப் பார்க்கலாம். தீயணைப்பு வீரர்கள் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தண்ணீர் இந்த வீட்டில் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது தண்ணீர்த் தொட்டி, அல்லது பின்னால் இருக்கும் நீச்சல் குளம்.

48,000 லிட்டரைக் காப்பாற்றும் வேலை

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 48,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். சென்னைக் கணக்கில் 12,000 லிட்டர் டேங்கர் லாரி நான்கு. இவ்வளவு தண்ணீரை அடிக்கடி மாற்ற முடியாது. ஆண்டுக்கணக்கில் அதே தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் குளம் வைத்திருப்பவரின் சாமர்த்தியம்.

வேலை காலையிலேயே ஆரம்பிக்கும். மிதக்கும் தைல இலைகளை நீளக் கம்பு வைத்த வலையால் அள்ள வேண்டும். நவம்பரில் ஜக்கரண்டா பூத்துவிட்டால் குளம் முழுக்க ஊதா நிறப் பூ. போட்டோவுக்கு அழகு, ஃபில்டருக்குத் தலைவலி. ஓரத்தில் இலை சேரும் கூடையில் வெறும் கையை விடக் கூடாது. சிட்னியின் ஃபனல்-வெப் சிலந்தி கொடிய விஷம் உள்ளது. குளத்தில் விழுந்தால் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். 1981-ல் விஷமுறிவு மருந்து வந்த பிறகு இதன் கடியால் யாரும் இறக்கவில்லை என்பது ஆறுதல்.

அடுத்தது ரசாயனக் கணக்கு. பி.ஹெச் 7.2 முதல் 7.6 வரை, குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. சோதனைத் தாளை நனைத்தால் நிறம் சொல்லிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு குளப் பொருள்கள் விற்கும் கடைக்குப் போகலாம். பல கடைகளில் இலவசமாகவே பரிசோதித்துத் தருகிறார்கள்.

நிறைய வீடுகளில் 'உப்புக் குளம்' இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், இங்கே 4 முதல் 6 கிராம்தான். ஒரு கருவி மின்சாரத்தின் உதவியால் அந்த உப்பிலிருந்தே குளோரினைத் தயாரித்துக்கொள்ளும். ஆக, உப்புக் குளத்தில் குளோரின் கிடையாது என்பது தவறான நம்பிக்கை.

குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் தண்ணீர் ரொம்பச் சுத்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறு. வியர்வை, சிறுநீர் போன்றவற்றோடு குளோரின் சேரும்போதுதான் அந்த நெடி வருகிறது. இறங்கும் முன் ஒரு குளியல் போட்டாலே பாதிப் பிரச்னை தீரும். பி.ஹெச்சைக் குறைக்க அமிலம் சேர்க்கும்போது, தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அமிலமும் குளோரினும் ஒன்றாகக் கலந்தால் விஷ வாயு கிளம்பும். இரண்டையும் தனித்தனி இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

வீட்டில் குளம் இல்லையா?

அபார்ட்மென்ட்டில் தங்குபவர்கள் ஏங்க வேண்டாம். சிட்னியின் பல பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் பட்டனை அழுத்தினால் சூடாகும் மின்சார அடுப்புகளை இலவசமாக வைத்திருக்கிறார்கள். சமைத்து முடித்ததும் கல்லைத் துடைத்துவிட்டுப் போவதுதான் வாடகை. குளிக்க, பாறையைக் குடைந்து கடலோரத்தில் கட்டிய குளங்கள் உண்டு. கூஜி கடற்கரை அருகே 1907-ல் தொடங்கிய வைலீஸ் பாத்ஸ் அவற்றில் ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமான மெக்கைவர்ஸ் பாத்ஸ் இருக்கிறது. கூச்சப்படும் நம் ஊர்ப் பெண்களும் அங்கே நிம்மதியாகக் கடல்நீரில் கால் நனைக்கலாம்.

தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு

கொல்லைப்புறத்தில் இருப்பதிலேயே முக்கியமான பொருள் அடுப்பும் அல்ல, குளமும் அல்ல. குளத்தைச் சுற்றியுள்ள வேலியும் அதன் கதவும்தான்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992-ல் வந்த நீச்சல் குளச் சட்டம் இதில் கறார். வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். அடியில் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கதவு குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும். கையை எடுத்ததும் தானாக மூடி, தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். மூச்சு நின்றவருக்கு முதலுதவி செய்யும் முறையை விளக்கும் பலகை குளத்தருகே தொங்க வேண்டும். வீட்டை விற்றாலும் வாடகைக்கு விட்டாலும் குளத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள். 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் காற்றடைத்த பிளாஸ்டிக் குளத்துக்கும் வேலி தேவை.

காரணம், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள். அந்த நாட்டில் இந்த வயதுக் குழந்தைகள் நீரில் மூழ்கி இறக்கும் சம்பவங்கள் அதிகம் நடப்பது வீட்டுக் குளங்களில்தான். சினிமாவில் வருவதுபோல் கையை உயர்த்திக் கத்த மாட்டார்கள். சத்தமே இல்லாமல் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

வேலி இருந்தும் எப்படி? பார்பிக்யூ நாளை நினைத்துப் பாருங்கள். இருபது பேர் வந்திருக்கிறார்கள். தட்டும் டம்ளருமாக உள்ளே வெளியே நடக்கிறார்கள். இரண்டு கையும் நிறைந்திருக்கும் ஒருவர், தொந்தரவாக இருக்கிறதே என்று கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். வேலியை ஒட்டி யாரோ எஸ்கியை வைக்கிறார்கள்; பூந்தொட்டி, நாற்காலி, சில நேரம் அடுப்பே வேலியோரம் நிற்கிறது. ஏறத் தெரிந்த குழந்தைக்கு அது படிக்கட்டு. வேலியைச் சுற்றி 90 சென்டிமீட்டருக்கு ஏறக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்று, கூட்டம் அதிகமாக இருந்தால் கவனிக்கிற கண்களும் அதிகம் என்று நினைப்பது. அப்பா அடுப்பில், அம்மா சமையலறையில், 'தாத்தா பார்த்துக்குவார்' என்று இருவருமே நினைக்க, தாத்தாவோ இருவரில் ஒருவர் பார்ப்பதாக நினைத்து போனில் ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார். அதனால் ராயல் லைஃப் சேவிங் அமைப்பு திரும்பத் திரும்ப வலியுறுத்துவது ஒன்றுதான்: குழந்தையின் மேல் பெரியவர் ஒருவரின் கண் எப்போதும் இருக்க வேண்டும். சின்னக் குழந்தை என்றால் கைக்கெட்டும் தூரத்தில். குழந்தையைக் காணோம் என்றால் அலமாரி, கட்டிலடி எல்லாம் பிறகு; முதலில் குளத்தைப் பாருங்கள். அவசர உதவிக்கு எண் 000.

நம் குடும்பங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஊரிலிருந்து போகும் பெரியவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. குழந்தையை நீச்சல் வகுப்பில் சேர்க்கும்போதே, வீட்டில் எல்லோரும் சி.பி.ஆர் முதலுதவியும் கற்றுக்கொள்வது நல்லது.

பார்பிக்யூ தெரியாத, பி.ஹெச் தெரியாத பாட்டிக்கும் இந்த ஒரு விஷயம் புதிதல்ல. கைப்பிடிச் சுவர் வைத்த கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே, பக்கத்தில் வெந்நீர் அடுப்பு எரிய, விளையாடும் பிள்ளைகளின் மேல் ஒரு கண் வைத்திருந்தவர் அவர். 'கிணத்துப் பக்கம் போகாதே' என்ற குரல் எத்தனையோ பிள்ளைகளைக் காத்திருக்கிறது.

அடுத்த விசாவில் சிட்னிக்குக் கிளம்புகிறீர்களா? ஊறுகாயும் பொடியும் எடுத்து வைப்பது இருக்கட்டும். போய் இறங்கிய முதல் நாள், பேரனைக் கொஞ்சி முடித்ததும் பின்பக்கம் போய், அந்தக் கதவைத் திறந்து கையை விடுங்கள். அது தானாகச் சாத்தி, 'டக்'கென்று தாழ் விழும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால், அன்றே ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். பார்பிக்யூ அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளலாம்.