காலையில் சொன்ன இடத்திலேயே



உங்களில் அநேகர் என்னைப் போலவே பிறந்த ஊரைவிட்டு வேற்று மாநிலத்தில் பிழைக்கிறவர்கள். பிள்ளையின் படிப்புக்காகவோ, வைத்தியத்துக்காகவோ, வேலைக்காகவோ என்றாவது ஒருநாள் முன்பின் அறியாத நகரத்தில் மலிவான விடுதியைத் தேடிப் பெட்டியோடு நிற்க வேண்டி வரும். அப்படி நான் தங்கிய ஒரு விடுதியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அறை எப்படி இருந்தது என்று மட்டும் எழுதி முடித்திருக்கலாம். அந்த அறையில் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதை மறைத்தால் இக்கட்டுரை பாதிப் பொய்யாகிவிடும்.

அது 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். பெங்களூரில் பிறந்து வளர்ந்த என் மூத்த மகளுக்கு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. 2022 முதல் அங்கே பொது நுழைவுத் தேர்வின் வழியாகவே இளங்கலைச் சேர்க்கை நடைபெறுகிறது. கட்டணத்தை வீட்டிலிருந்தே செலுத்திவிட்டோம். அவள் தங்குவதற்கு ஓர் இடத்தை மட்டும் நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. கர்நாடகா எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பயணம் செய்து இருவரும் புது டெல்லி வந்து சேர்ந்தோம். எனக்கு இந்தி வராது. மகள் பள்ளியில் படித்தவள். அவள்தான் என் வாய்.

நாங்கள் தேர்ந்துகொண்டது பழைய டெல்லியின் சாந்தினி சௌக். வாடகை குறைவு என்பது ஒரு காரணம். அங்கிருந்து மெட்ரோவின் மஞ்சள் வழித்தடத்தில் நான்காவது நிலையமே பல்கலைக்கழகம் என்பது மற்றொன்று. செங்கோட்டைக்கு எதிரே தொடங்கி ஃபதேபுரி மசூதி வரை செல்லும் அந்தச் சாலை ஏறக்குறைய 1.3 கிலோமீட்டர். 2021 செப்டம்பரில் அது புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்கு அங்கே அனுமதி இல்லை. ஆகையால் விடுதியிலிருந்து ஒரு பையன் மெட்ரோ வாசலுக்கே வந்து, எங்கள் பெரிய பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தான். பீகாரிலிருந்து வந்தவன், வயது என் மகளுக்கு ஒப்பாக இருக்கும்.

விடுதியின் குறைகளைச் சொல்கிறேன். தொலைபேசியில் அறைக்கு நாள் வாடகை 1200 ரூபாய் என்றார்கள். மேசையில் 1344 கேட்டார்கள். ஏமாற்று என்று எண்ணி வாக்குவாதம் செய்தேன். அது வரி. 1000 ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு இருந்த விலக்கும் 2022 ஜூலையிலேயே நீங்கி, அப்போது 12 விழுக்காடு வசூலிக்கப்பட்டது. (2025 செப்டம்பர் 22 முதல் 7500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு அது 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது.) அறையில் ஜன்னல் உண்டு, திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். படிக்கட்டு செங்குத்தானது. அருகிலேயே காரி பாவ்லி என்னும் பெரிய மசாலாச் சந்தை. காய்ந்த மிளகாய் மூட்டைகளின் நெடி அறைவரை வந்து, முதல் நாள் முழுவதும் தும்மிக்கொண்டே இருந்தோம். விடியுமுன்னே மசூதியின் பாங்கொலி. அதன்பின் தள்ளுவண்டிகளின் இரைச்சல்.

இவ்வளவு இருந்தும், விரிப்பு துவைத்ததாக இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. கேட்ட போதெல்லாம் அந்தப் பையன் மூன்று மாடி ஏறிக் குடிதண்ணீர் கொண்டுவந்தான். என் மகளைத் 'தீதி' என்று அழைத்தான். நாம் அக்கா என்பதுபோல.

இனி என் குறைக்கு வருகிறேன்.

மகளுக்காகப் பார்த்திருந்த மகளிர் விடுதி கமலா நகரில் இருந்தது. முதல் மாத வாடகையும் முன்பணமுமாக 18,000 ரூபாயை ரொக்கமாகவே தர வேண்டும் என்று அதன் உரிமையாளர் அம்மாள் சொல்லியிருந்தார். ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் 36. அவற்றைப் பழுப்புக் கவரில் போட்டுக் கைப்பையின் உள்ளறையில் வைத்திருந்தேன். இரவு படுக்கும்போது கதவின் பின்னே ஒட்டியிருந்த அறிவிப்பை மகள் வாசித்துச் சொன்னாள்: விலையுயர்ந்த பொருள்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. அந்த ஒரு வரி என் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது.

காலையில் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன். உள்ளறையில் கவர் இல்லை. அதற்குச் சற்று முன்புதான் பையன் விரிப்பு மாற்ற வந்து போயிருந்தான். பையைக் கவிழ்த்தேன், மெத்தையைப் புரட்டினேன். பிறகு ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

வரவேற்பு மேசையருகே மூன்று பேர் நின்றிருந்தார்கள். மீரட்டிலிருந்து வந்த துணி வியாபாரி ஒருவர், ஒரு முதியவர், கணக்குத் தீர்த்துப் புறப்பட்டுக்கொண்டிருந்த நடுவயதுக்காரர் ஒருவர். அத்தனை பேர் முன்னிலையிலும், "என் பணத்தை இந்தப் பையன் எடுத்துவிட்டான் என்று சொல்" என்று மகளிடம் உரத்த குரலில் கூறினேன். அவள் தயங்கினாள். "அப்பா, இன்னொரு முறை தேடுவோமே" என்றாள். "சொல்" என்று அதட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

மேலாளர் பையனை அழைத்தார். சுதந்திர தினம் நெருங்கியிருந்த வாரம் அது. செங்கோட்டையைச் சுற்றிக் காவல் பலமாயிருந்தது. போலீசார் விடுதிகளுக்கு வந்து பதிவேடுகளைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். "போலீசைக் கூப்பிடவா?" என்று மேலாளர் கேட்டதும் பையனின் முகம் வெளிறிப்போயிற்று. மாடிப்படியின் கீழே இருந்த அவனுடைய டிரங்குப் பெட்டியை இழுத்துவந்து எல்லார் கண்முன்னும் திறந்து கொட்டினார்கள். இரண்டு சட்டைகள், ஒரு போர்வை, ஒரு பொட்டலம் சத்துமாவு, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்த பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். வேறொன்றும் இல்லை. கணக்குத் தீர்த்த மனிதர், "இந்தப் பையன்களே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் தம் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பணம் கிடைக்காவிட்டால் சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பதாக மேலாளர் ஒரு தாளில் எழுதிப் பையனிடம் கையெழுத்து வாங்கினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பணம் இல்லாமலே கமலா நகர் போனோம், இரண்டு நாள் தவணை கேட்கலாம் என்று. அந்த அம்மாள் ஆதார் நகல் கேட்டார். மகள் தன் சான்றிதழ்க் கோப்பைத் திறந்தாள். அவளுடைய மதிப்பெண் சான்றிதழின் பின்னாலிருந்து பழுப்புக் கவர் நழுவி மேசைமேல் விழுந்தது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நள்ளிரவில் மின்சாரம் நின்றபோது விழித்தேன். அந்த அறிவிப்பு மனதை உறுத்த, இருட்டில் எழுந்து, எங்களிடம் இருந்தவற்றுள் எதை ஒருபோதும் தொலைக்கமாட்டோமோ அதனுள்ளே பணத்தை வைத்தேன். இரண்டு இரவுப் பயணக் களைப்பில் மறுபடியும் உறங்கி, காலையில் அதை முற்றிலும் மறந்துபோனேன். மகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு மெட்ரோ ஏறினோம். திரும்பி வருவதற்கு நான்கே நிலையங்கள். என் வாழ்நாளில் அவ்வளவு நீண்ட பயணத்தை நான் செய்ததில்லை.

விடுதிக்கு வந்ததும் மேலாளரைத் தனியே அழைத்துப் பணம் கிடைத்ததைச் சைகையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் தெரிவித்தேன். அவர் சிரித்து, இப்படி நடப்பது சகஜம் என்றார். பாரம் இறங்கியதாக எண்ணி மாடியேறினேன். படியில் பையன் தண்ணீர் சுமந்து வந்துகொண்டிருந்தான். ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை அவன் கையில் வைக்கப் போனேன். அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னான். மகளைப் பார்த்தேன்.

"பணம் வேண்டாமாம் அப்பா. காலையில் எங்கே சொன்னீர்களோ அங்கேயே சொல்லச் சொல்கிறான்."

பிரியமானவர்களே, அந்த வார்த்தை என் இருதயத்தைக் குத்தியது. குற்றம் சுமத்தியபோது கூடம் நிறைய ஆட்கள் வேண்டியிருந்தது எனக்கு. தவறை அறிக்கையிட மட்டும் ஒரு மூலையும் தாழ்ந்த குரலும் போதும் என்று எண்ணினேன். "சரி, வா, சொல்லிவிடலாம்" என்று மகளை அழைத்தேன். அவள் அசையவில்லை. "காலையில் நான் சொன்னேன். இதை நீங்களே சொல்லுங்கள்" என்றாள். பிறகு அங்கேயே படியில் நின்று எனக்கு இரண்டு வாக்கியங்களைக் கற்றுக்கொடுத்தாள். "பைசா மில் கயா. கல்தி மேரி தி." பணம் கிடைத்துவிட்டது, தவறு என்னுடையது.

கீழே இறங்கினேன். மீரட்டுக்காரரும் முதியவரும் இருந்தார்கள். மேலாளர் முன்னிலையில், காலையில் எவ்வளவு உரக்கப் பேசினேனோ அவ்வளவு உரக்க, பிழையான உச்சரிப்போடு அந்த இரண்டு வாக்கியங்களையும் சொன்னேன். பையனைப் பார்த்துக் கைகூப்பினேன். மேலாளர் கையெழுத்து வாங்கிய தாளை எடுத்துக் கிழித்தார். பையன் தலையை அசைத்துவிட்டு மீண்டும் தண்ணீர் எடுக்கப் போய்விட்டான். அணைப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை.

புறப்பட்டுச் சென்ற அந்த மூன்றாவது மனிதரிடம் எப்படிச் சொல்வது? பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அவர் பெயருக்கு எதிரே, போகுமிடம் குவாலியர் என்றிருந்தது. தொலைபேசி எண்ணைத் தருவதற்கு மேலாளர் இசையவில்லை; அது நியாயமும்கூட. ஆகவே குவாலியரில் ஒரு மனிதரின் எண்ணத்தில் அந்தப் பையன் இன்றும் திருடன்தான். என் சொல் அவரோடு ரயிலேறிப் போய்விட்டது. என் மன்னிப்பு அவரை எட்டவில்லை, எட்டப்போவதும் இல்லை.

மறுநாள் மாலை மகளோடு அந்தச் சாலையில் நடந்தேன். ஷாஜகானின் மகள் ஜஹனாரா 17-ஆம் நூற்றாண்டில் அமைத்த கடைவீதி அது. வழிப்போக்கர் தங்குவதற்காக அவள் அங்கே ஒரு பெரிய சத்திரத்தையும் கட்டியிருந்தாள். இரவில் அதன் வாசல் அடைக்கப்படும், அயல்நாட்டு வணிகர்கள் அச்சமின்றி உறங்கலாம் என்று அக்காலத்தில் வந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் எழுதியிருக்கிறார். 1857-க்குப் பிறகு அச்சத்திரம் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று பழைய நகர மன்றக் கட்டடம் நிற்கிறது. மடியில் பணத்தோடு அந்நிய ஊரில் படுத்தவனின் பயம் அந்த வீதிக்குப் புதிதல்ல. பயப்பட்டது என் குற்றமும் அல்ல. பயம் வந்தவுடன் அங்கிருந்தவர்களுள் எளியவன் யார் என்று என் கண் தேடியதே, அதுதான் குற்றம். பெங்களூருக்கு நான் வந்த புதிதில், நான் வேலை பார்த்த கிடங்கில் ஒரு பொருள் குறைந்தால் முதலில் சோதிக்கப்பட்டது 'தமிழ்ப் பையன்' ஆகிய என் பைதான். அதையும் அந்தக் காலையில் நான் மறந்திருந்தேன்.

நீங்கள் இத்தகைய விடுதியில் தங்க நேர்ந்தால் சில காரியங்களைக் கவனியுங்கள். அறையைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வாடகையில் வரி அடங்குமா என்று முன்னதாகவே கேட்டு, ரசீது வாங்குங்கள். ஆதார் நகல் கொடுத்தால் அதன்மேல் தேதியையும் காரணத்தையும் எழுதிக் கொடுங்கள். பெரிய தொகையைக் கையில் கொண்டு போகாதிருங்கள்; தவிர்க்க முடியாவிட்டால், வைத்த இடத்தை உடன் வந்தவரிடம் சொல்லிவையுங்கள். ஏதேனும் காணாமற்போனால் முதலில் உங்கள் பொருள்களையே மும்முறை தேடுங்கள். அதன் பின்னும் கேட்க வேண்டியிருந்தால் மேலாளரிடம் தனியாகக் கேளுங்கள். நம் புகார் எந்த மேசையில் தொடங்கினாலும், கடைசியில் டிரங்குப் பெட்டியோடு படியின் கீழே படுப்பவன்மேல்தான் விழுகிறது.

நாங்கள் புறப்பட்ட நாளில் அந்தப் பையனே மெட்ரோ வாசல் வரை பெட்டியைத் தூக்க வந்தான். தலைமேல் ஏற்ற விடாமல் ஒரு பக்கப் பிடியை நான் பிடித்துக்கொண்டேன். விடைபெறும்போது அவன் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. என் மகளிடம் மட்டும் ஒன்று சொன்னான். ரயில் வந்த பிறகு அவள் எனக்கு அதைத் தமிழில் சொன்னாள்.

"தீதி, புது அறைக்கு நல்ல பூட்டாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டு இருந்தால் யார்மேலும் சந்தேகம் வராது."

கமலா நகரில் இறங்கியதும் முதல் வேலையாக அதைத்தான் வாங்கினோம்.