தோவாளையில் ஒரு போது

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆவணிக் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தோவாளைப் பூச்சந்தை வாசலில் இறங்கிவிட்டேன். முதலில் கூச்சல்தான் காதில் விழுந்தது. ஈரச் சாக்குகளை அவிழ்க்க அவிழ்க்க வாசனை ஒவ்வொன்றாக வந்தது. முதலில் பிச்சி, அதன் பின்னே மரிக்கொழுந்து, நடுவில் எங்கிருந்தோ துளசி.

அன்று அத்தம் பிறந்து இரண்டாம் நாள். திருவோணம் வரை கேரளத்து வாசல்களில் தினமும் பூக்கோலம் போடுவார்கள். மதுரை, திண்டுக்கல் பக்கத்து மல்லியும், ஓசூர், பெங்களூருப் பக்கத்து ரோஜாவும் செவ்வந்தியும், சேலத்து அரளியும் இங்கே வந்து இறங்குகின்றன. தராசில் ஏறி, வேறு வண்டிக்கு மாறி, வெயில் ஏறுமுன் எல்லை தாண்டிவிடுகின்றன.

நான் கேள்விகளோடு வந்திருந்தேன். பூவை ஏன் மொட்டாகவே விற்கிறார்கள்? நேற்று ஒரு விலை, இன்று ஒரு விலை ஏன்? நார் நல்லதா, நூல் நல்லதா? வாங்கிய பூ மறுநாள் வரை வாடாதிருக்க என்ன செய்யலாம்? எந்தப் பூவோடு எந்தப் பூ சேரும்? எங்கள் தெருவில் பூக்காரம்மாவிடம் நாங்கள் கேட்பதும், அவர் பதில் சொல்வதற்குள் அடுத்த வாசலில் யாரோ கூப்பிடுவதுமாக, பல வருடமாக நிற்கும் கேள்விகள் இவை.

சந்தையின் ஓரத்தில், குண்டு பல்பின் கீழ் உட்கார்ந்து ஓர் அம்மா பிச்சி கட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மடியில் பூக்கூடை, பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி, அதில் ஊறும் வாழைநார். நான் உட்கார்ந்ததும் கை நிற்காமலே நிமிர்ந்து பார்த்தார். “எந்த ஊரு மக்ளே?” என்றார். சொன்னேன். முதல் கேள்வியைக் கேட்டேன்.

“விரிஞ்ச பூவ வாங்கினா நீ அதோட கடைசிக் காலத்த வாங்குதே. மொட்ட வாங்கினா அது விரியதையும் சேர்த்து வாங்குதே” என்றார்.

பிச்சியும் மல்லியும் இரவில் விரியும் பூக்கள். அந்திப்பூச்சிகளை அழைக்கத்தான் அந்த மணம். ஆகவே சூரியன் ஏறுவதற்குள் மொட்டாகப் பறித்துவிட வேண்டும். செடியை விட்டுப் பிரிந்தாலும் முற்றிய மொட்டு தன் நேரம் வந்ததும் விரிந்துவிடும். பிஞ்சாகப் பறித்தால் விரியாமலே கருகும். எது முற்றியது, எது பிஞ்சு என்பதை இருட்டோடு இருட்டாக விரல் நுனியால் கண்டுகொள்பவர்கள் பூப்பறிக்கும் பெண்கள். நாம் வாங்கும் சரத்தில் சில மொட்டுகள் மட்டும் விரியாமல் பழுத்துப்போவதற்குப் பெரும்பாலும் பிஞ்சிலே பறித்ததுதான் காரணம்.

தமிழில் பூவின் பருவம் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு: அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர், வீ. விரியும் தறுவாயில் இருப்பது ‘போது’. அதே சொல்லுக்குப் பொழுது என்றும் பொருள். பூ வணிகம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. காலையில் மொட்டாக விற்பது, மாலையில் தலையில் வைக்கும் நேரத்தில் அது போதாக இருக்க வேண்டும் என்பதற்காக. நடுவில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பறித்து, எடை போட்டு, ஏற்றி இறக்கி, கட்டி, விற்று முடிக்க வேண்டும்.

விலைக் கேள்விக்கும் விடை அதிலேயே இருக்கிறது. நெல்லைக் குதிரில் போட்டு வைக்கலாம், மிளகாயைக் காயவைத்து வைக்கலாம். பூவுக்கு நாளை என்று ஒன்று கிடையாது. பங்குனி, சித்திரையில் மல்லி கொட்டும். வாங்க ஆளில்லாமல் விலை தரையில் கிடக்கும். மார்கழிப் பனியில் மொட்டு அற்றுப்போகும். அதை ஒட்டியே தை முகூர்த்தங்கள் வரும். கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். காலை நான்கு மணி விலை ஏழு மணிக்கு இருக்காது. “கல்யாணம் கூடினா பூ ராணி, மழை பெய்தா பூ குப்பை” என்றார் தராசுக்குப் பக்கத்தில் நின்ற கமிஷன் கடை அண்ணாச்சி.

நான் அந்த அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாரின் ஒரு முனை கால் பெருவிரலில் மாட்டியிருந்தது. இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, காம்போடு காம்பு சேர வைக்கிறார். நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு வளையம் போட்டு, அதைக் காம்புகளின் மேல் மாட்டி இழுக்கிறார். அவ்வளவுதான். நான் செய்து பார்த்தேன். முதல் முடிச்சில் காம்பு அறுந்தது. இரண்டாவதில் பூ நழுவி மடியில் விழுந்தது.

“இறுக்கினா அறும், தளர்த்தினா உதிரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இழுப்பு உண்டு. அத வாயால சொல்ல முடியாது” என்றார்.

நார் நல்லதா நூல் நல்லதா என்பதற்கு, சட்டியிலிருந்து ஒரு நாரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். குளிர்ந்திருந்தது. வாழைநார் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு காம்புக்கு ஈரம் கொடுக்கும். பட்டையாக இருப்பதால் காம்பை அறுக்காது. நூல் மெல்லியது, ஈரம் வைக்காது, இறுகினால் கத்திபோல் வெட்டும். ஆனால் நூலை ஊறவைக்க வேண்டாம், கிழிக்க வேண்டாம், வேகமாகக் கட்டலாம். அவசரத்துக்கு நூல் என்பதுதான் இன்றைய நிலை. வாங்கும் நாம் நாரில் கட்டியதைக் கேட்டு வாங்கினால் அந்த வழக்கம் நிலைக்கும்.

ஒரே நீள முழத்துக்கு இரண்டு கடையில் இரண்டு விலை ஏன் என்பதும் அங்கேயே புரிந்தது. அவர் இரண்டு சரங்களைத் தூக்கிக் காட்டினார். ஒன்று நெருக்கக் கட்டியது, வெளிச்சம் ஊடுருவவில்லை. மற்றொன்றில் முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி. நீளம் ஒன்றுதான், பூவின் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு பங்கு வித்தியாசம். முழத்தைப் பார்க்காமல் நெருக்கத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

வாடாமல் வைக்க அவர் சொன்ன முறை எளிது. பூவின் மேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது, இதழ் அழுகும். வாழையிலையில் சுருட்டி, அதன் மேல் பிழிந்த ஈரத்துணியைச் சுற்றி, காற்றாடிக் காற்றுப் படாத இடத்தில் வைக்க வேண்டும். குளிர்பெட்டியில் வைப்பதானால் மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். வாழைப்பழம், ஆப்பிள் போன்ற பழங்கள் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. அது பூவைச் சீக்கிரம் முதிரவைக்கும். பூஜைத் தட்டில் பழத்தையும் பூவையும் முந்தின இரவே ஒன்றாக மூடி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விடிந்த பிறகு அந்த அம்மா என்னை ஒரு வீட்டுக்கு அனுப்பினார். “மாணிக்க மாலை பாக்காம தோவாளையப் பாத்தேன்னு சொல்லாத” என்றார். திண்ணையில் ஓர் அண்ணாச்சியும் அவர் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் சிவப்பு அரளி ஒரு குவியல், வெள்ளை அரளி ஒரு குவியல், பச்சை நொச்சி இலை ஒரு குவியல். தண்ணீரில் ஊறிய சம்பா நார்.

சாதாரண மாலையில் பூ பூவாகவே இருக்கும். இதில் அரளியின் இதழ்களை விரலால் மடித்து அழுத்தி, நாரில் வரிசை வரிசையாகப் பின்னுகிறார்கள். மடித்த ஒவ்வொரு பூவும் பதித்த கல்போல் நிற்கிறது. சிவப்பு ஒரு கட்டம், வெள்ளை ஒரு கட்டம், ஓரத்தில் நொச்சியின் பச்சை. மாலை உருண்டு திரளாமல் பட்டையாக, நெய்த நாடாவைப் போல நீள்கிறது. திருவிதாங்கூர் மகாராஜா ஒருவர் பார்த்துவிட்டு மாணிக்கம் போலிருக்கிறது என்று சொன்னதால் இந்தப் பெயர் வந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் மலையாள நாட்டு அரசோடு இருந்ததுதானே. எல்லை மாறிய பிறகும் பூ போகும் வழி மாறவில்லை.

எந்தப் பூவோடு எது சேரும் என்று கேட்டேன். அண்ணாச்சியின் மகள் பதில் சொன்னாள். “நெறம், மணம், கனம் மூணையும் பாக்கணும் அக்கா. கனகாம்பரத்துக்கு நெறம் உண்டு, மணம் கிடையாது. அதோட பிச்சி சேரணும். மரிக்கொழுந்துக்கு நெறம் இல்ல, மணம் உண்டு. அது எதோடயும் சேரும். ரோஜாவும் செவ்வந்தியும் கனம். மேல வச்சா மாலை கழுத்துல நிக்காது, கீழ வச்சா குஞ்சத்த இழுத்து நேரா நிறுத்தும்.” கல்யாண மாலையின் இரண்டு கையும் ஒரே கனம் இருக்கிறதா என்று கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுகிறாள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கியதைப் படித்து வியந்திருக்கிறேன். பூக்களைப் பெயர்களாக அறிந்தவள் நான்; எடையாகவும் வயதாகவும் அறிந்தவள் அவள்.

அரளியைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு; இதயத்தைத் தாக்கும். 2024 மே மாதத்தில் கேரளத்தில் ஓர் இளம்பெண் அரளியை மென்றதால் இறந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்ததும், திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி கூடாது என்று முடிவு செய்தன. அந்த முடிவு சரியானதே. சாமிக்குச் சாத்தும் மாலைக்கு அதனால் தடையில்லை. ஆனாலும் அரளி என்றாலே பயம் வந்துவிட்டது என்றார் அண்ணாச்சி. “மாலை சாப்பிடுததுக்கா? கட்டி முடிச்சா நாங்க சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் சோத்துல கை வப்போம்.” வீட்டில் குழந்தைகளும் ஆடு மாடும் இருந்தால் உதிர்ந்த அரளியைக் கண்ட இடத்தில் போடாதீர்கள்.

2025-இல் தோவாளை மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கு அது 2013-லேயே கிடைத்துவிட்டது. இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்தேன். மதுரைக்குக் கிடைத்தது அந்த மண்ணில் விளையும் பூவுக்கு. தோவாளையில் மாலையாகும் அரளியோ வெளியூரிலிருந்தும் வருகிறது. இங்கே குறியீடு பெற்றது மடிக்கிற விரல்.

அந்த விரலுக்கு என்ன கிடைக்கிறது? அன்று முழுவதும் நான் பார்த்த கணக்கு ஒன்றுதான். பூ விலை ஏறினால் கமிஷன் கடையில் கணக்கு ஏறும், இறங்கினால் இறங்கும். கட்டுகிறவருக்குக் கட்டுக்கூலி. பூ கிலோ நூறு ரூபாய் விற்றாலும் ஆயிரம் ரூபாய் விற்றாலும் முடிச்சுகளின் எண்ணிக்கை மாறுவதில்லை, நேரம் மாறுவதில்லை, கூலியும் மாறுவதில்லை. விலை ஏறும் நாளில் கடைக்காரர் கட்டக் கொடுக்கும் பூ குறைந்து, கட்டுகிறவரின் வருமானம் குறையவும் செய்கிறது. கல்யாண மேடைகளிலோ இப்போது பச்சை நுரைக்கட்டியில் பூவைக் குத்தி நிறுத்துகிறார்கள். அந்த நுரை மக்காத பிளாஸ்டிக். நாரும் பூவும் உரக்குழியில் மண்ணாகிவிடும்.

கிளம்பும்போது அந்த அம்மாவிடம் திரும்பப் போய், கட்டி முடித்த பிச்சியில் மூன்று முழம் கேட்டேன். முழங்கையிலிருந்து நடுவிரல் வரை அளந்து, ஒவ்வொரு முழத்துக்கும் நாலு விரல் கூட விட்டே அறுத்தார். சென்னைக்கு வரும் ரயிலில் இரவு எட்டு மணிக்கு இலையைப் பிரித்தேன். மொட்டுகள் அப்போதுதான் வாய் திறந்துகொண்டிருந்தன. போது.

பூ வாங்கும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். பூ மலிந்த நாளில் உதிரிப்பூவின் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அது நியாயம். கட்டிய சரத்தில் பாதி, கட்டியவரின் உழைப்பு. அது எந்த நாளிலும் மலிவதில்லை. அந்தப் பாதியில் பேரம் பேசாதீர்கள்.