பல் டாக்டர் வரைஞ்ச பனி மெஷின்!

பாஸ், நீங்க பனிக்கட்டியை எங்கே பார்த்திருக்கீங்க? நான் ஃப்ரீஸர்ல மட்டும்தான்! அப்பேர்ப்பட்ட என்னை உட்காரவெச்சு, 'ரோட்டுல கிடக்கிற பனியை அள்ளி வீசுற ஸ்நோ ப்ளோயரை முதல்ல யோசிச்சது யார்? பழைய பேட்டன்ட்டைத் தேடி ரிப்போர்ட் கொடு'ன்னா எப்படி இருக்கும்?

மெக்கானிக்கல் மூணாவது வருஷ லீவுல, ஒரு பேட்டன்ட் தேடல் ஆபீஸ்ல நான் இன்டர்ன். 'புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்'னு யாராவது வந்தா, அதை அவருக்கு முன்னாடியே வேற யாரும் சொல்லிட்டாங்களான்னு உலகம் பூரா துழாவுற வேலை. பனி மெஷின் வெறும் பயிற்சிதான். ஆனா, இதுல கோட்டை விட்டா நிஜ கேஸ் கைக்கு வராது.

'ஸ்நோ ப்ளோயர்'னு தட்டினேன். கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார் சிக்கினார். 1894-ல் கதிரடிக்கிற மெஷினைப் பார்த்தப்போ, 'பனியையும் இப்படி அள்ளலாமே'ன்னு அவருக்குப் பொறி தட்டியிருக்கு. மெஷின் முழுசா உருவானது 1925-ல். பனியை 90 அடிக்கும் மேல வீசுச்சு. 1927-ல் மான்ட்ரியலை ஒட்டியிருந்த அவுட்ரமான்ட் நகரம் அதை வாங்குச்சு. 'முதல் ஆள் சிகார்'னு எழுதிக் கொடுத்துட்டு, கெத்தா டீ குடிக்கப் போயிட்டேன்.

திரும்பி வந்தா, மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "ஸ்நோ ப்ளோயர்ங்கிற பேர் வர்றதுக்கு முன்னாடி அதை என்னன்னு சொல்லியிருப்பாங்க?"

பேய் முழி முழிச்சேன்!

அப்புறம் பேரை விட்டுட்டு, அது செய்யிற வேலையைத் தேடினேன். வந்து விழுந்தார், டொரன்டோவின் ஜே.டபிள்யூ.எலியட். வருஷம் 1869. தொழில்? பல் டாக்டர்! ரயில் பாதைப் பனிக்காக அவர் எடுத்த பேட்டன்ட்டின் பேர் 'காம்பவுண்ட் ரிவால்விங் ஸ்நோ ஷவல்'. தட்டை பிளேடு வெச்ச சக்கரம் சுத்தும். பனியை வாங்கி, கூட்டின் மேல்வாசல் வழியா வெளியே எறியும். 1870-ல் ராபர்ட் கார் ஹாரிஸ் எடுத்தது 'ரயில்வே ஸ்க்ரூ ஸ்நோ எக்ஸ்கவேட்டர்'. ஷவல், எக்ஸ்கவேட்டர்னு இருந்தா, 'ப்ளோயர்'னு தேடினவனுக்கு எப்படிக் கிடைக்கும்?

எலியட் தன் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவரவே இல்லை. அந்த யோசனையை வளர்த்தவர் ஒன்டாரியோவின் ஆரஞ்ச் ஜல். மாடல் செஞ்சு, பனிக்குப் பதிலா மணல்ல ஓட்டிப் பார்த்திருக்கார் மனுஷன்! 1883-84 குளிர்காலத்துல லெஸ்லி சகோதரர்கள் அவருக்கு முழு சைஸ் மெஷின் கட்டிக் கொடுத்தாங்க. அது ஜெயிச்சுது.

"அப்போ, எலியட்டோட வெறும் பேப்பருக்கு என்ன மதிப்பு மேடம்?"

"தெளிவா எழுதி, அது வெளியாகி இருந்தா போதும். செஞ்சாரா, வித்தாரான்னு பார்க்க மாட்டாங்க. அப்புறம் அதையே கொண்டு வர்றவங்களுக்குப் 'புதுசு'ன்னு பேட்டன்ட் கிடைக்காது."

சுருக்குனு குத்துச்சு. ரெண்டாவது வருஷத்துல, தாத்தா ரோட்டுல காயவெச்ச நெல்லு திடீர் மழையில நனைஞ்சுபோச்சு. அதை அள்ளிச் சாக்குல வீசுற மெஷின் ஒண்ணை நோட்டுல வரைஞ்சேன். ரூம்மேட் சிரிச்சான். செய்யவும் காசில்லை. பாதிப் படத்தோட நோட்டை மூடிட்டேன். பல் டாக்டர் செய்யலைன்னாலும் முழுசா எழுதிவெச்சார். நான் அதைக்கூடச் செய்யலையே!

ரெண்டாவது ரிப்போர்ட் பாஸ். அடுத்த வாரம் நிஜ கேஸ். ஆனா, இன்னிக்கு ராத்திரி நோட்டைத் திறந்து, அளவெல்லாம் போட்டு வரைஞ்சு முடிக்கப் போறேன். அப்புறம் தேடணும். 'நெல்'னு இல்லை, 'அள்ளி வீசுறது'ன்னு! எனக்கு முன்னாடியே யாராவது எழுதியிருந்தா? காலம் முடிஞ்ச பேட்டன்ட்டை யார் வேணும்னாலும் எடுத்துச் செய்யலாமே. அதைப் பார்த்தாவது தாத்தாவுக்கு ஒண்ணு செஞ்சு கொடுத்துடுவேன்.

சரி, உங்க நோட்டுல என்ன பாதியில நிக்குது பாஸ்?