பேச்சா, பாட்டா?

உங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை நடந்திருக்கும், அன்பர்களே. மகன் கைப்பேசியில் எதையோ போடுகிறான். மத்தளம் இடிக்கிறது, ஒருவன் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போகிறான். "இதெல்லாம் ஒரு பாட்டா? நிறுத்துடா!" என்று அப்பா சத்தம் போடுகிறார். அம்மாவுக்கோ வேறு கவலை. கழுத்தில் சங்கிலி, கையில் பச்சை, தலையில் கோணல் தொப்பி. இதைக் கேட்டுத்தான் பையன்கள் குண்டர் கும்பலுக்குப் போகிறார்களோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கவலையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உடுப்பைப் பார்த்துப் பாட்டைத் தள்ளுவதா, காதால் கேட்டுவிட்டுத் தள்ளுவதா?

நான் கேட்டுப் பார்த்தவன். பண்டார் தெங்காரா பக்கம் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறேன். 1972இல் கெஜோரா என்னும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் அமைந்தபின் காட்டை வெட்டி உண்டாக்கிய ஊர் இது. எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். குலை அதிகமாக விழும் மாதங்களில் ஆலை எடைமேடைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்கவேண்டும். ஓர் இசைத்தட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. என் தங்கை மகன் பட்டியல் போட்டுக் கொடுத்தான். "மாமா, இதைக் கேட்டுட்டுப் பேசுங்க" என்றான்.

முதலில் ஜாஸ். இது கோட்டு சூட்டு போட்டவர்களின் ஹோட்டல் இசை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதன் வேரைப் பாருங்கள். அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்திக்காட்டிலும் கரும்புக்காட்டிலும் உழைத்த கறுப்பின அடிமைகள் வேலைக் களைப்புத் தெரியாமல் பாடினார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். நம் எசப்பாட்டு மாதிரியேதான்! அவர்கள் விலைக்கு விற்கப்பட்டவர்கள். நம் பாட்டன்மார் கங்காணியை நம்பிக் கப்பலேறியவர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் தோட்டம், லயம், துரை, விடியற்காலை ஆள்கணக்கு என்றால் என்ன என்று அந்தப் பாட்டுக்காரர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேலைப்பாட்டும், தேவாலயப் பாட்டும், நியூ ஆர்லியன்ஸ் நகரத்துத் தெருவாத்தியமும் கலந்துதான் ஜாஸ் பிறந்தது.

மைல்ஸ் டேவிஸ் என்ற எக்காளக் கலைஞர் 1959இல் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் புளூ' இசைத்தட்டில் ஐந்தே உருப்படிகள். இரண்டே நாளில் பதிவு செய்தார்கள். ஏறக்குறைய நம் ராக ஆலாபனை போல, ஒரு சுரவரிசையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஆள் கற்பனையாக வாசிக்கிறார்கள். இரவு மழையில் கேட்டுப் பாருங்கள். பகலில் லாரிச் சத்தத்தில் அது எடுபடாது.

எனக்கு அதைவிட நெருக்கமானது 'சக்தி'. ஆங்கிலேயக் கித்தார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் நம்மவர்களோடு சேர்ந்து 1975இல் அமெரிக்காவில் மேடையில் வாசித்ததை 1976இல் இசைத்தட்டாகப் போட்டார்கள். வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம். கடம் என்பது மண்பானை, ஐயா! மானாமதுரைச் சூளையில் வேகும் அதே மண். நம்மில் எத்தனை பேருடைய பூர்வீகம் அந்தச் சீமை! அந்தப் பானை, கித்தாருக்கு எதிரே உட்கார்ந்து கேள்விக்குக் கேள்வி பதில் சொல்கிறது. ஒரு வேண்டுகோள்: வேகத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். சில இடங்களில் யார் வேகம் என்ற போட்டிதான் மிஞ்சுகிறது என்பது என் எண்ணம். இதே குழுவின் 'திஸ் மொமென்ட்' 2024இல் கிராமி விருது வாங்கியது. அப்போது விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் குழுவில் இருந்தார். நம் நாட்டிலும் லூயிஸ் பிரகாசம் என்ற டிரம்ஸ் கலைஞர் 'ஆசியாபீட்' என்ற குழுவை நடத்தி, ஆசிய வாத்தியங்களை ஜாஸோடு சேர்த்தார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

சரி, சண்டைக்கு வருவோம். ஹிப் ஹாப்.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கில் பிராங்ஸ் என்ற ஏழைப் பகுதி. ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர், தன் தங்கை நடத்திய விருந்தில் பாட்டுப் போட்டார். மத்தளம் மட்டும் ஒலிக்கும் இடத்தை இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி நீட்டிப் போட்டார். மேலே வாயால் பேச்சு. ஆடினார்கள் பாருங்கள், அதிலிருந்து தொடங்கிய கதை இது. தாளத்துக்கு மேல் பேச்சு என்பது நமக்குப் புதிதா என்ன? கொன்னக்கோல் என்பது வேறென்ன? திருவிழாவில் உருமி அடிக்கிறபோது யாருக்குக் கால் சும்மா இருக்கிறது?

நம் ஊர்க் கதையில் முதல் பெயர் யோகி பி. பொயட்டிக் அம்மோ குழுவில் இருந்தவர். அந்தக் குழு 1998இல் போட்ட தொகுப்பு பெரும்பாலும் ஆங்கிலம். 2006இல் யோகி பியும் நட்சத்திராவும் 'வல்லவன்' கொண்டு வந்தார்கள். டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரும் சேர்ந்து தமிழில் பாடிய தொகுப்பு. அதில்தான் 'மடை திறந்து' மறுபிறவி எடுத்தது. 1980இல் 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடியது. அப்பாவுக்குப் பிடித்த பாட்டு மகன் வாயில் வந்தது. கோலாலம்பூரில் பிறந்த தமிழ் ராப், பிறகு கோடம்பாக்கத்துப் படங்களிலும் ஏறியது. நாம் அங்கிருந்து வாங்கித்தான் பழக்கம், கொடுத்தது இதில்தான்!

அதற்காக எல்லாவற்றையும் புகழமாட்டேன். அதற்குப் பிறகு வந்த பாட்டுகளில் பாதி, "நான் சிங்கம், நீ எலி" என்ற வீறாப்புதான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள்; லயத்துச் சனங்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள்; கோயில் இடம் மாறியது; பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்தார்கள். இவ்வளவு இருக்க, இல்லாத காரையும் இல்லாத பகைவனையும் ஏன் பாடவேண்டும்? கெட்ட வார்த்தையும் உண்டு. கென்ட்ரிக் லாமார் என்ற அமெரிக்கருக்கு 2018இல் புலிட்சர் பரிசே கொடுத்தார்கள். ஜாஸ் கலைஞர்களோடு அவர் 2015இல் செய்த தொகுப்பு அருமையானது. ஆனால் சின்னப் பிள்ளைகள் முன்னால் போடாதீர்கள்.

பெரியவர்கள் கேட்கவேண்டியது தமிழ்நாட்டு அறிவு பாடுவதை. 2019இல் வந்த 'தெருக்குரல்' தொகுப்பு கோபமாக இருக்கும், நியாயமான கோபம். 2021இல் பாடகி தீயோடு அவர் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகமெல்லாம் ஓடியது. அவருடைய பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு இந்தியாவுக்குத் திரும்பியவர். அந்தப் பாட்டியின் கதையிலிருந்துதான் இந்தப் பாட்டு வந்தது. நிலத்தைத் திருத்தியவருக்கு நிலம் இல்லை என்ற வழக்கை ஆடிக்கொண்டே சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் இதைப் போட்டபோது என் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார், அவ்வளவுதான்.

தங்கை மகனும் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறான். எடைமேடை வரிசையைப் பற்றி, காயாக இருக்கிறது என்று கழித்துப் போட்ட குலையைப் பற்றி. நன்றாகத்தான் வந்திருக்கிறது. மூன்றாவது அடியில் மட்டும் இரண்டு அசை கூடிப்போய்த் தாளம் தட்டுகிறது என்று சொன்னேன். முறைத்துக்கொண்டு போனவன், இன்னும் அதைத்தான் விரலால் மேசையில் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.