இரண்டாம் பாகத்தில் பேய் எங்கே போய்விடுகிறது?

கொஞ்சம் நீளமான பதிவு, நேரமிருக்கும்போது வாசியுங்கள். படம் பார்க்கலாமா கூடாதா என்ற விவாதத்தை இதற்குள் கொண்டுவர வேண்டாம், அதற்கு வேறு இடம் இருக்கிறது. இது பேய்ப்படங்களைப் பற்றிய பதிவு. இன்னும் சரியாகச் சொன்னால், பேய்ப்படங்களின் இரண்டாம் பாகத்தைப் பற்றிய பதிவு. ஏன் இப்போது என்பது போகப் போக விளங்கும்.

நாங்கள் என்று எழுதுவது மரியாதைக்காக அல்ல. கல்வியியற் கல்லூரியில் ஒரே பெட்ச்சில் இருந்து, இப்போது பக்கத்துப் பக்கத்துப் பாடசாலைகளில் படிப்பிக்கிற நாலைந்து பேர். படம் பார்ப்பதும், பார்த்த படத்தைப் பிறகு பிய்த்துப் போடுவதும் ஹொஸ்டலில் தொடங்கிய பழக்கம்.

'பீட்சா' படம் வந்தது 2012 ஒக்டோபரில். இயக்குநர் கார்த்திக் சுப்புராஜுக்கு அதுதான் முதல் படம். விஜய் சேதுபதி இன்றைக்கு இருக்கிற விஜய் சேதுபதி இல்லை. யாரோ பென் ட்ரைவில் கொண்டுவந்து, ஒரு லெப்டொப்பைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்து பார்த்தோம். படத்தின் பெயரைப் பார்த்துவிட்டுப் பாதிப்பேர் பகிடிப் படம் என்றே நினைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்குள் கதவு பூட்டிக்கொண்ட பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

(இன்னும் பார்க்காதவர்கள் யாரும் இருந்தால் இந்தப் பந்தியைத் தாண்டிப் போங்கள்.) அந்தப் படத்தின் கெட்டித்தனம் பேயில் இல்லை. பீட்சா கொடுக்கப் போன வீட்டில் தனக்கு நடந்ததாக மைக்கேல் சொல்லும் கதையை, அவனுடைய முதலாளி எப்படி நம்பினாரோ அப்படியே நாங்களும் நம்பினோம். கடைசியில் பார்த்தால் அது வைரத்தை அமுக்குவதற்குக் கட்டிய பொய். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இல்லாத பேய்க்கு நாங்கள் பயந்திருக்கிறோம். அதற்கும் பிறகு, பொய் சொன்னவனே உண்மையான ஒன்றிடம் போய் மாட்டுகிற மாதிரி ஒரு முடிவு. ஹொஸ்டலில் அன்றைக்கு இரவு தனியாகக் கிணற்றடிக்குப் போக ஆள் இல்லை.

அடுத்த வருடம் நவம்பரில் 'பீட்சா 2: வில்லா' வந்தது. தயாரிப்பாளர் அதே சி. வி. குமார், இசை அதே சந்தோஷ் நாராயணன். இயக்குநர் வேறு, தீபன் சக்கரவர்த்தி. நடிகர்கள் வேறு, கதையும் முழுக்க வேறு: அப்பா விட்டுப்போன பாண்டிச்சேரி வீடு, அதற்குள் மறைத்து வைத்திருந்த ஓவியங்கள், வரப்போவதை முன்கூட்டியே காட்டும் அந்த ஓவியங்களின் மர்மம். பீட்சாவுக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பெயர் மட்டும்தான்.

நியாயமாகச் சொன்னால் 'வில்லா' மோசமான படம் அல்ல. வெறும் 'வில்லா' என்று வந்திருந்தால் நாங்களே நாலு பேருக்குப் பார்க்கச் சொல்லியிருப்போம். ஆனால் 'பீட்சா 2' என்று போட்டவுடன் என்ன நடந்தது? பத்தாவது நிமிடத்திலேயே ஒருவர் "மச்சான், இவன் பொய் சொல்றான்" என்றார். இன்னொருவர் "அந்தப் பொண்ணில ஒரு கண் வெச்சிக்க" என்றார். படம் பார்க்கவில்லை, சோதனைத் தாள் திருத்தினோம். எங்கே திருப்பம், எங்கே ஏமாற்று என்று சிவப்புப் பேனையோடு இருந்தால் யார்தான் பயப்படுவார்? முதல் படம் எங்களுக்கு என்ன செய்ததோ, அதை இன்னொரு முறை செய்ய முடியாதபடி எங்களைப் பழக்கிவிட்டதும் அந்த முதல் படமேதான்.

இதே சங்கதி அமெரிக்காவில் இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 'பிளேயர் விட்ச் ப்ரொஜெக்ட்' என்ற படத்தின் பெயர் சிலருக்குத் தெரிந்திருக்கும். டானியல் மிரிக், எடுவார்டோ சான்செஸ் என்ற இரண்டு இளைஞர்கள் 1997 ஒக்டோபரில், மேரிலாந்து மாநிலத்துக் காட்டுக்குள் எட்டு நாளில் எடுத்தது. சூனியக்காரி ஒருத்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போன மூன்று மாணவர்கள் காணாமல் போய்விட்டார்கள், இது அவர்களுடைய கமராவில் இருந்து கிடைத்த காட்சிகள், அவ்வளவுதான் கதை. கமராவைப் பிடித்ததும் அந்த நடிகர்களே. எழுதிய வசனம் என்று அநேகமாக ஒன்றும் இல்லை. அன்றன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சிறு குறிப்புகளை டப்பாக்களில் போட்டுக் காட்டுக்குள் வைத்துவிடுவார்கள், நடிகர்கள் ஜீ.பீ.எஸ். கருவியை வைத்துத் தேடிப்போய் எடுக்க வேண்டும். நாள் போகப் போகச் சாப்பாட்டைக் குறைத்தார்கள். இரவில் இயக்குநர்களே போய்க் கூடாரத்தை உலுக்கினார்கள். ஆகவே அந்தப் பிள்ளைகளின் முகத்தில் தெரியும் களைப்பிலும் எரிச்சலிலும் பாதி நடிப்பே அல்ல.

படம் முழுக்கத் தேடினாலும் சூனியக்காரியைக் காண மாட்டீர்கள். கல்லுக் குவியல், குச்சிகளைக் கட்டித் தொங்கவிட்ட உருவங்கள், இருட்டில் ஒரு சத்தம். கடைசிக் காட்சியில் ஒருவன் சுவரைப் பார்த்தபடி நிற்கிறான், அத்தோடு முடிந்தது.

வெளியே அவர்கள் செய்த வேலை அதைவிடப் பெரியது. இணையம் எல்லோருக்கும் புதிதாக இருந்த காலம். மூன்று பேரும் உண்மையிலேயே காணாமல் போனது போல ஓர் இணையத்தளம், பொலிஸ் விசாரணை போலப் படங்கள், 'காணவில்லை' என்று அச்சடித்த துண்டுப் பிரசுரங்கள். நடிகர்களின் உண்மையான பெயர்களையே படத்திலும் வைத்திருந்தார்கள். அந்த நடிகையின் தாய்க்கு அனுதாப அட்டைகள் வந்தன என்றால் பாருங்கள்! 1999 ஜனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டியவுடன் ஆர்ட்டிசான் என்ற கம்பனி ஏறத்தாழ 11 இலட்சம் டொலருக்கு வாங்கியது. உலகம் முழுக்க வசூலித்தது 24 கோடி டொலருக்கும் மேல். எடுக்கத் தொடங்கும்போது அவர்களிடம் இருந்தது சில பத்தாயிரம் டொலர்தான்.

எங்கள் வீடுகளில் மூத்தம்மாமார் ஜின் கதை சொல்லும் விதத்தை நினைத்துப் பாருங்கள். "ஒரு ஊரிலே" என்று தொடங்குவதே இல்லை. "எங்கட வாப்பா இஷாத் தொழுதிட்டு வாறாரு, அந்தப் புளியமரத்தடியில…" என்றுதான் தொடங்கும். கண்டவர் யார், எந்த இடம், எத்தனை மணி எல்லாம் இருக்கும். கதை என்ற பெயரில் வராமல் சாட்சியம் போல வரும். பிளேயர் விட்ச் வேலை செய்ததும் இந்த வழியில்தான். 2011 ஓகஸ்ட்டில், நோன்பு காலத்தில், கிறீஸ் பூதம் என்று ஊரூராகத் தடியோடு விழித்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அது சிரிப்பான விடயம் அல்ல, சில ஊர்களில் அது எங்கே போய் முடிந்தது என்பதும் தெரியும். ஒன்றை மட்டும் சொல்லலாம்: இன்றைக்கு யாராவது வந்து "கிறீஸ் பூதம் வந்திருக்கு" என்றால் எத்தனை பேர் எழும்பிப் போவீர்கள்?

சரி, பணம் கொட்டியவுடன் கம்பனி சும்மா இருக்குமா? முதல் படம் ஓடி ஒன்றேகால் வருடத்துக்குள், 2000 ஒக்டோபரில், இரண்டாம் பாகம் தியேட்டரில். பெயர் 'புக் ஒஃப் ஷாடோஸ்: பிளேயர் விட்ச் 2'. நிழல்களின் புத்தகம் என்று அர்த்தம். படத்தில் அப்படி ஒரு புத்தகம் கிடையாது. (பீட்சா இல்லாத பீட்சா மாதிரி!) முதல் படத்தின் இயக்குநர்கள் இருவரும் அவசரப்பட விரும்பவில்லை, பெயருக்கு நிறைவேற்றுத் தயாரிப்பாளர்களாக மட்டும் இருந்தார்கள். செலவு 1 கோடி 50 இலட்சம் டொலர். இயக்குநர் ஜோ பெர்லிங்கர், சாதாரண ஆள் அல்ல. செய்யாத கொலைக்கு மூன்று இளைஞர்கள் சிறை போனதைப் பற்றி 'பரடைஸ் லொஸ்ட்' என்ற நல்ல ஆவணப்படத்தை எடுத்தவர்.

அவர் யோசித்தது கெட்டித்தனமான யோசனை. முதல் படம் வெறும் படம்தான் என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுவது. அந்தப் படத்தைப் பார்த்துப் பைத்தியமாகி அதே காட்டுக்கு வருகிற இரசிகர்களைப் பற்றி எடுப்பது. ஓர் இரவு அவர்களுக்கு என்ன நடந்தது என்று அவர்களுக்கே ஞாபகம் இல்லை, கமராவில் பதிந்ததற்கும் அவர்கள் நினைப்பதற்கும் பொருத்தம் இல்லை. ஒரு பொய்யை ஊரே நம்பினால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய கேள்வி. எங்களைக் கேட்டால் முதல் படத்தை விடப் பெரிய கேள்வி அது.

ஆனால் கம்பனிக்குத் தேவைப்பட்டது கேள்வி இல்லை, இரத்தம். அவர் எடுத்து முடித்த படத்தைத் திரும்ப வெட்டினார்கள், கொலைக் காட்சிகளைப் புதிதாக எடுத்து நடுநடுவே செருகினார்கள், தொடக்கத்தில் அவர் போட்டிருந்த ஃப்ராங்க் சினாட்ராவின் பாட்டைத் தூக்கிவிட்டு மரிலின் மான்சனின் சத்தமான பாட்டைப் போட்டார்கள். யார் செய்தது என்று கடைசியில் தெரியவேண்டிய படத்தில் பாதியிலேயே துண்டு துண்டாகத் தெரிந்துவிடுகிறது. இதைப் பெர்லிங்கரே பிறகு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வசூல் முதல் படத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கிட்டவில்லை.

எங்களுக்குள் ஒருவர் இந்த இடத்தில் எப்போதும் சண்டைக்கு வருவார்: "அப்ப 'காஞ்சனா'? 'முனி' 2007ல வந்தது, அதுட ரெண்டாம் பாகம்தானே 2011ல வந்து முதல் படத்தை விட ஓடினது?" உண்மைதான். ஆனால் 'காஞ்சனா'வுக்குப் போனவர்கள் இரகசியத்துக்காகப் போகவில்லை. லோரன்ஸ் பயந்து ஓடுவதையும், கோவை சரளா போடும் சத்தத்தையும் பார்க்கப் போனார்கள். சிரிப்பை எத்தனை தடவையும் சுடவைத்துச் சாப்பிடலாம், பழஞ்சோறு மாதிரி. மறைத்து வைத்ததைக் காட்டிவிட்டால் அது முடிந்தது. 'டிமான்டி காலனி' 2015இல் வந்தது, அதே அஜய் ஞானமுத்து இரண்டாம் பாகத்தை 2024இல்தான் தந்தார், அதுவும் நன்றாகப் போனது. ஒன்பது வருடம் எடுத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அதற்காகக் காலம் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 'சந்திரமுகி 2' பதினெட்டு வருடம் கழித்து, அதே பி. வாசுவின் கையால்தான் வந்தது. அந்தப் படத்தைப் பற்றி மேலே எழுத விருப்பம் இல்லை.

இப்போது விடயத்துக்கு வருகிறோம்.

எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் போனில் எடுத்த ஒன்பது நிமிடக் குறும்படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பூட்டிக் கிடக்கும் வகுப்பறைக்குள் இரவில் சோக்குக் கட்டியால் எழுதும் சத்தம். காலையில் திறந்தால் கரும்பலகையில் அன்றைய திகதி. அவ்வளவுதான். யார் எழுதினார் என்று கடைசி வரைக்கும் இல்லை. பள்ளிவாசல் சந்தியில் இருந்து கட்டாருக்குப் போன நானாமார் வரைக்கும் பகிர்ந்தீர்கள். பிள்ளைகளுக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

அன்றிலிருந்து அவர்கள் எங்கே போனாலும் ஒரே கேள்வி. கடையில், கிரவுண்டில், கல்யாண வீட்டில், "பாகம் ரெண்டு எப்ப தம்பி? அதில எழுதுறது யாருன்னு காட்டிருவீங்கதானே?" ஊரில் ஒரு கடை முதலாளி செலவைத் தானே தருவதாகச் சொல்லியிருக்கிறார், தொடக்கத்திலும் முடிவிலும் கடைப் பெயர் வரவேண்டும், பெருநாளைக்கு முன்பு முடிக்க வேண்டும், பேயை "நல்லா கிளியரா" காட்டவேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளோடு. நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆர்ட்டிசான் கம்பனி சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்.

போன கிழமை, கதை எழுதுகிற பிள்ளை ஸ்டாஃப் ரூம் வாசலில் நெடுநேரம் நின்றுவிட்டு, "சேர், யாரு எழுதுறன்னு எங்களுக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தப் படத்தையே எடுத்திருக்க மாட்டோம்" என்று சொன்னார். இரண்டு பேர் செய்வோம் என்கிறார்களாம், இவரும் இன்னொருவரும் வேண்டாம் என்கிறார்களாம், நாலு பேருக்குள் கதைபேச்சுக் குறைந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாக வந்த பிள்ளைகள். உயர்தரப் பரீட்சையும் கிட்ட வருகிறது.

செய்யாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டு வில்லங்கமான படங்களையும் போட்டுக் காட்டினோம், 'வில்லா'வும் பெர்லிங்கரின் படமும், பொருத்தமில்லாத காட்சிகளை வெட்டிவிட்டுத்தான். பார்த்து முடித்து நாலு பேரும் ஒரு மணித்தியாலம் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடித்தார்கள். பல நாளைக்குப் பிறகு கதைத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த தடவை அந்தப் பிள்ளைகளைக் காணும்போது பாகம் இரண்டைக் கேட்காதீர்கள். என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். இப்போதைக்கு ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பிய வாப்பா ஒருவர் மூன்று நாளாக யாரோடும் பேசாமல் வலை பின்னிக்கொண்டிருக்கிறார், வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் இருந்துவிட்டுப் போகிறார்கள். பேய் கிடையாது. ஏமாந்துவிட்டோம் என்று பிறகு எங்களைப் பேசாமல் இருக்க இப்போதே சொல்லி வைக்கிறோம்.